வீட்டு ஆளுக்குக் கிடையாது

ஜூலை 4, வெள்ளி

இன்று எங்களுக்குக் கல்யாண நாள். மூன்று வருடம் முடிந்துவிட்டது. பத்திரிகை அடிக்கவில்லை, தாலி ஏறவில்லை, எந்தக் கோயில் வாசலிலும் மாலையோடு நிற்கவில்லை. அப்புறம் தேதி எப்படித் தெரியும் என்றால், தெரியும், அவ்வளவுதான். காசிராஜனுக்கே தெரியாது. சொன்னால் சிரிப்பார்.

இந்த டைரி ரோஸ்லின் மேடம் கொடுத்தது. எங்கள் எய்ட்ஸ் தடுப்பு ஆபீஸில் ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் அவர். போன வருடத்து டைரி என்பதால் கிழமையை அடித்துவிட்டு எழுத வேண்டியிருக்கிறது. "மனசுல இருக்கறத எழுது நாகஜோதி, பாரம் கொறையும்" என்றார். எனக்கு என்ன பாரம்? தோள்பை நிறைய காண்டம் தூக்கிக்கொண்டு திண்டுக்கல் முழுக்க நடக்கிறேனே, அதுதான் பாரம்.

காசிராஜன் நத்தம் பக்கம் கல்யாணச் சமையலுக்குப் போயிருக்கிறார். ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தங்கள், விடமாட்டார். நான் பருப்பு வடை வாங்கி வந்து தனியாகத் தின்றேன். கல்யாணச் சாப்பாடு.

ஜூலை 8, செவ்வாய்

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், தனபாக்கியம் வீட்டில் கூட்டம் போட்டேன். எட்டு பேர் வந்தார்கள். தொழில் செய்கிறவர்களில் ஒருத்தியைப் பிடித்து மற்றவர்களுக்குச் சொல்ல வைப்பதுதான் எங்கள் திட்டத்தின் வழி. அந்த ஒருத்தி நான். தொழிலை நானும் முழுசாக விட்டுவிடவில்லை. தெரிந்த நாலைந்து பேர் போன் செய்தால் போவேன்.

மரத்தில் செய்த மாடலைப் பையிலிருந்து எடுத்தாலே தனபாக்கியத்துக்குச் சிரிப்பு. அதற்கு அவள் வைத்திருக்கும் பெயரை எழுத முடியாது. உறை மாட்டிக் காட்டினேன். பிறகு வழக்கமான பாட்டு. ஒருவன் கூடப் பணம் தருகிறேன், வேண்டாம் என்கிறான். ஒருவன் குடித்துவிட்டு வந்தால் எதையும் கேட்பதில்லை. பையில் பாக்கெட் இருந்தால் போலீஸ் அதையே சாட்சியாக்கிவிடுகிறது, அதனால் எடுத்துப் போவதில்லை. புதிதாக வந்த சங்கரி, முடிந்ததும் டெட்டால் போட்டுக் கழுவிவிடுவதாகச் சொன்னாள். சுத்தமாக இருக்கிறாளாம். உள்ளே புண்ணாகி நோய் இன்னும் லேசாக நுழையும் என்று திட்டினேன். முகம் சுருங்கிப் போனது பாவம்.

கடைசியில் அவள்தான் கேட்டாள். "வீட்டு ஆளுக்குமாக்கா?"

தனபாக்கியம் முந்திக்கொண்டாள். "வீட்டு ஆளுக்கு எவளாவது போடச் சொல்லுவாளாடி? அப்பறம் அவனுக்கும் லாட்ஜுக்கு வர்றவனுக்கும் என்ன வித்தியாசம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, "எல்லாருக்கும்தான்" என்றேன். யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுபோல எனக்கே கேட்டது.

ஜூலை 10, வியாழன்

ரத்தப் பரிசோதனை கேம்ப். சங்கரி வாசல் வரை வந்துவிட்டுக் கையை நீட்டமாட்டேன் என்றாள். ஊசி பயம். "இங்க பாரு, நான் குடுக்கறேன்" என்று நாற்காலியில் முதலில் நான் உட்கார்ந்தேன். நான் கொடுத்து ஒன்றரை வருடம் இருக்கும். மேடம் கேட்கும்போதெல்லாம் அடுத்த கேம்ப் என்று சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தேன். ஆட்களைக் கூட்டி வருவதிலேயே பொழுது போய்விடுகிறது. அதோடு எனக்கு எதற்கு? உறை இல்லாமல் ஒரு கஸ்டமரையும் கிட்டே விட்டதில்லை.

சங்கரி கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டாள். சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

ஒன்றுமில்லை. மாவு அரைத்தேன்.

ஜூலை 14, திங்கள்

ரோஸ்லின் மேடம் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். சங்கரிக்கு ஏதோ வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"சங்கரிக்கு ஒண்ணும் இல்ல. நீ உக்காரு."

உட்கார்ந்தேன்.

"எச்ஐவி இல்ல. சிபிலிஸ் இருக்கு நாகஜோதி. ரெண்டாவது தடவையும் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டாங்க. எப்ப வந்துச்சுன்னு தெரியாததால வாரத்துக்கு ஒண்ணா மூணு ஊசி. முழுசா கொணமாயிடும், உனக்குத் தெரியாதது இல்ல."

தெரியாதது இல்லைதான். இதே அறையில் இதே வார்த்தைகளுக்கு எத்தனையோ பேரைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். அவர்கள் தலையாட்டும் இடங்களில் நானும் தலையாட்டினேன்.

"கூட இருக்கறவரு யாராச்சும் இருந்தா அவரும் வரணும். இருக்காரா?"

"இல்ல மேடம். கஸ்டமர் மட்டும்தான்."

நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை.

கையில் துளி மருந்து போட்டுப் பார்த்துவிட்டு, இடுப்புக்குக் கீழே பெரிய ஊசி போட்டார்கள். கால் மரத்துப் போனது. அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. வரும் வழியில் கொத்தமல்லிக் கட்டு மலிவாக இருந்தது, வாங்கி வந்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

யாராக இருக்கும் என்று யோசித்தேன். பழனி ரோட்டு லாட்ஜில் ஒரு தடவை உறை கிழிந்துபோனது. ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வியாபாரி. நல்ல மனுஷன் மாதிரிதான் இருப்பான். அவனாகத்தான் இருக்கும். அவன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன்.

வேறு யாரும் இல்லை. நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணம் கிடையாது, சமையலும் கிடையாது. கரண்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு அவர் வந்துவிட்டார். ஆடி முழுக்க இங்கேதான் இருப்பார், நடுவில் ஓரிரு நாள் ஐயலூர் பக்கம் ஊருக்குப் போய்ப் பெண்டாட்டியைப் பார்த்துவிட்டு வருவார். ஊருக்கெல்லாம் சமைத்துப் போடுகிற மனுஷன் என் வீட்டுக்கு வந்தால் ரசம்தான் கேட்பார். "அண்டா அண்டாவா வாசம் புடிச்சுப் புடிச்சு வயிறு நெறஞ்சு போச்சு ஜோதி, ஒரு ரசம் வை போதும்."

கொத்தமல்லி போட்டு வைத்தேன்.

முதலில் இவரும் கஸ்டமர்தான். நாலைந்து மாதம் எல்லாம் முறைப்படி நடந்தது. அப்புறம் ஒரு ஜூலை நாலாம் தேதி, அவர் பணத்தை எடுத்து நீட்டவில்லை. நானும் பாக்கெட்டைக் கிழிக்கவில்லை. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. காலையில் எழுந்து பால் வாங்கப் போனார். அந்த நாளைத்தான் கல்யாண நாளாக வைத்திருக்கிறேன். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு இப்படி ஒரு தேதி இருக்கும், யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். இனி அவரிடம் ஒரு பாக்கெட்டை நீட்டினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வீட்டுக்குத் தூரம் என்று சொல்லிவிட்டேன். பாயை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டார். நல்ல மனுஷன்.

ஜூலை 21, திங்கள்

இரண்டாவது ஊசி. நொண்டிக்கொண்டே வந்தேன். கேட்டார். படியில் வழுக்கிவிட்டது என்றேன். எண்ணெய் தேய்த்துவிட வந்தார், வேண்டாம் என்றேன்.

தேங்காய் துருவிக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"ஒரு விசயம் சொல்றேன், வெளிய விட்றாத. பஞ்சவர்ணத்துக்கு ஆறு மாசம்."

பஞ்சவர்ணம் அவர் பெண்டாட்டி. நான் பார்த்ததில்லை.

"ஆஸ்பத்திரியில பதிஞ்சாச்சா?"

"எங்க? போன கார்த்திகையில ஏழாம் மாசத்துல வயித்துலயே போச்சுல்ல, கண்ணு பட்டுருச்சுன்னு எங்காத்தா இந்தத் தடவ வாசப்படி தாண்ட விடல. ஏழு முடியட்டும்னு சொல்லிருச்சு." துருவியதை ஒதுக்கினார். "நாளைக்கு நம்ம தெரு மாரியம்மனுக்குக் காப்பு கட்டுறேன்னு சொன்னீல்ல. அவளுக்கும் சேத்து வேண்டிக்க. நீ கேட்டா ஆத்தா குடுப்பா."

கண் கலங்கியிருந்தது. வேறு யாரிடம் போய்ச் சொல்வார்? வேண்டிக்கொள்கிறேன் என்றேன். முன்பெல்லாம் அவள் பேரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். இன்று ஊசி போட்ட இடம்தான் வலித்தது.

ஜூலை 22, செவ்வாய்

காப்பு கட்டிக்கொண்டேன். மஞ்சள் கிழங்கு, மஞ்சள் கயிறு. அவிழ்க்கும் வரை கறி கிடையாது, மீன் கிடையாது, ஆம்பளை கிடையாது. மரியாதையாகத் தள்ளிப் படுக்க இதைவிட நல்ல வழி இல்லை. சாமி பேரைச் சொல்லி ஒளிந்துகொள்கிறேன். ஆத்தாவுக்குத் தெரியும், அவளும் அம்மை போட்ட உடம்புக்காரிதானே.

ஜூலை 25, வெள்ளி

தனபாக்கியம் வீட்டில் மறுபடியும் கூட்டம். ஆடி வெள்ளி என்று கூழ் ஊற்றினாள். குடித்துக்கொண்டே பேசினோம்.

சங்கரி ஒரு கஸ்டமரைப் பற்றிச் சொன்னாள். அங்கே ஒரு புண் இருந்ததாம். கேட்டால், சூடு, வண்டி ஓட்டுகிறேன்ல என்றானாம்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். "எல்லாத்துக்கும் சூடுன்னுதான் சொல்லுவாய்ங்க. நம்பாத. அந்தப் புண்ணு வலிக்காது. அரிக்காது. ரெண்டு மூணு வாரத்துல தானா ஆறிப்போயிரும். ஆறிட்டா போயிருச்சுன்னு நெனப்பாய்ங்க. போகாது, ரத்தத்துக்குள்ள எறங்கிரும்."

இத்தனை வருடமாகச் சொல்கிற பாடம். பாதியில் நிறுத்திவிட்டேன். "என்னக்கா?" என்றாள் சங்கரி. கூழ் புரையேறிவிட்டது என்றேன்.

போன வருடம் சித்திரையில், வரிசையாக முகூர்த்தம் முடித்துவிட்டு அவர் வந்திருந்தார். அடுப்புச் சூடு தாங்கவில்லை, புண்ணாகிவிட்டது பார் என்று காட்டினார். வலி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். நாள் முழுக்க விறகு அடுப்பு முன்னால் நிற்கிற மனுஷன், உடம்பு சூடாகாமல் என்ன செய்யும்? விளக்கெண்ணெய் தடவிவிட்டேன், ராத்திரி படுக்கும் முன் தடவச் சொன்னேன், வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன். ஆறிப்போனது. என் கைமருந்து நல்ல மருந்து என்று மெச்சிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் விளக்கெண்ணெய் பாட்டிலைத் தேடி எடுத்தேன். பாதி இருந்தது. சாக்கடையில் ஊற்றிவிட்டேன்.

ஒட்டன்சத்திரத்து வியாபாரியின் நம்பரைத் திறந்துவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

மூன்றாவது ஊசி. என் கணக்கு முடிந்தது. மறுபடி பரிசோதனைக்கு வரும் தேதியை மேடம் சொன்னார்.

எழுந்திருக்கும்போது, "மேடம், சும்மா கேக்கறேன், ஒருத்தருக்கு இது இருந்து, அவரு பொண்டாட்டி மாசமா இருந்தா?" என்றேன்.

"யாரு?"

"சும்மாதான். கூட்டத்துல ஒருத்தி கேட்டா."

மேடம் என்னைப் பார்த்தார். "அவளுக்கும் வந்திருக்கும். கொழந்த வயித்துக்குள்ளயே சாகலாம், இல்ல நோயோட பொறக்கலாம். ஆனா நேரத்துக்கு ஊசி போட்டுட்டா அம்மாவையும் புள்ளையையும் காப்பாத்திறலாம். அது யாரா இருந்தாலும் தள்ளிப் போடக்கூடாது நாகஜோதி."

சரி மேடம் என்றேன்.

வழி நெடுக யோசித்தேன். அவரிடம் சொல்லலாம். சொன்னால் முதல் கேள்வி, உனக்கு எப்படித் தெரியும் என்பதுதான். எனக்கு வந்ததைச் சொன்னால், தொழில்காரி எவனிடமோ வாங்கி எனக்குக் கொடுத்துவிட்டாள் என்று கரண்டிச் சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். எனக்கு அவர் வேண்டும். இதை எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் வேண்டும்.

ஜூலை 30, புதன்

அவர் டீக்கடைக்குப் போனபோது போனை விட்டுவிட்டுப் போயிருந்தார். பஞ்சவர்ணம் என்று தேடினேன், இல்லை. அவள் 'வீடு' என்று இருந்தாள். அப்படியே என் நம்பரையும் தேடிப் பார்த்தேன். நான் 'பாத்திரம் வாடகை'.

அவள் நம்பரைக் கையில் எழுதிக்கொண்டேன். மதியம் அவர் தூங்கியதும், ஆபீஸ் வேலை என்று தெருமுனைக்குப் போய்க் கூப்பிட்டேன்.

"வணக்கம்மா, கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில இருந்து பேசுறேன். மாசமா இருக்கறவங்களுக்கு ரத்தம் பாக்கணும்."

"நாங்க யார்கிட்டயும் சொல்லலையே. உங்களுக்கு யாரு சொன்னா?"

"போன தடவ தவறிப் போனவங்கள நாங்களா கூப்பிட்டுக் கேக்கறோம்மா."

போனை வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"போன தடவையும் நல்லாத்தான்க்கா அசைஞ்சுச்சு. தீபத்துக்கு மொத நாளு நின்னு போச்சு. பொறக்கும்போது தோலெல்லாம் உரிஞ்சு இருந்துச்சு. யாரும் இதப்பத்தி எங்கிட்ட கேட்டதே இல்லக்கா."

சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"யார்கிட்ட காட்டுனீங்க அப்ப?"

"ஊருல ஊசி போடுற நர்ஸம்மாகிட்டதான்."

"ரத்தம் எடுத்தாங்களா?"

"இல்லக்கா."

"இந்தத் தடவ பக்கத்துல கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்க. விடிஆர்எல்னு ஒரு ரத்த டெஸ்ட்டு, அதப் பாக்கணும்னு கேளுங்க. சீக்கு இருந்தா ஊசி போடுவாங்க, புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. நாளைக்கே போங்க."

"அத்த விடாதுக்கா. அவரும் ஊருல இல்ல, சமையலுக்குப் போயிருக்காரு. அவரக் கேக்காம எப்படி?"

ஆடி மாதத்தில் என்ன சமையல்? அதை நான் கேட்கவில்லை. "ஆடி மாசம், கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போங்கம்மா. நாங்கல்லாம் அப்படித்தான் போவோம்."

அவள் லேசாகச் சிரித்தாள். "சரிக்கா" என்றாள். எத்தனை பேரின் 'சரிக்கா' கேட்டிருக்கிறேன், இது போகிறவளின் 'சரிக்கா'.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. அவர் ஊருக்குப் போனார். எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் கட்டிக் கொடுத்தேன். இரண்டு ஆளுக்கு இருக்கும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காப்பு அவிழ்த்தாயிற்று. மணிக்கட்டில் மஞ்சள் கறை மட்டும் இருக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பகல் பதினொரு மணி இருக்கும். துணி அலசிக்கொண்டிருந்தேன். வந்தார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார், அப்படி வந்ததே இல்லை.

"அந்தத் தேவடியா என்ன பண்ணிருக்கா தெரியுமா?"

யாரை என்று ஒரு கணம் புரியவில்லை. பஞ்சவர்ணத்தை.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். ரத்தத்தில் இருந்திருக்கிறது. முதல் ஊசி போட்டுவிட்டு, புருஷனைக் கூட்டி வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இவர் போனதும் இவர் ரத்தத்தையும் பார்த்திருக்கிறார்கள். இவருக்கும் இருக்கிறது.

"இது எப்படி வர்ற சீக்குன்னு உனக்குத் தெரியும்ல. நான் ஊரு ஊராப் போயி நெருப்புல வேகுறேன், இவ வீட்டுல இருந்துக்கிட்டு எவனையோ சேத்திருக்கா. கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறா. விட்டேன் ஒரு அறை. வயித்துல இருக்கறதுகூட எவனோடதோ. சாயங்காலம் கொண்டுபோயி அவங்கப்பன் வீட்டுல தள்ளிட்டு வந்துர்றேன். ஊசியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டேன். "அவங்களா இருக்காதுங்க."

"பின்ன யாரு? நீயா? நீ ஊருக்கே பாடம் நடத்துறவ. உங்கிட்ட இருந்து வராதுன்னு எனக்குத் தெரியும்."

மூன்று வருடத்தில் என்னைப் பற்றி அவர் சொன்னதிலேயே பெரிய வார்த்தை அது.

"போன வருசம் சித்திரையில உங்களுக்கு ஒரு புண்ணு வந்துச்சே."

"அது அடுப்புச் சூடுடி. நீதான எண்ணெய் தடவுன."

"சமையலுக்குப் போற எடத்துல எங்கயாச்சும்..."

"ஆம்பள நாலு எடத்துக்குப் போவான் வருவான். எனக்கு ஏதாச்சும் வந்திருந்தா எனக்குத் தெரியாதா? கல்லு மாதிரி இருக்கேன்." வாசல் பக்கம் திரும்பினார். "அவதான். இன்னைக்கோட முடிச்சர்றேன்."

அவர் போய்விடுவார். முதல் ஊசியோடு அவள் அப்பன் வீட்டில் கிடப்பாள். யாரும் அவளை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகமாட்டார்கள். தோல் உரிந்து ஒன்று பிறந்தாயிற்று. இதெல்லாம் எனக்கு ரொம்பத் தெளிவாக, கூட்டத்தில் பாடம் சொல்வதுபோல, வரிசையாகத் தோன்றியது. பயமோ துக்கமோ எதுவும் இல்லை.

"எங்கிட்ட இருந்துதான் வந்துச்சு" என்றேன்.

நின்றார்.

"எனக்கும் இருந்துச்சு. போன மாசம் தெரிஞ்சது. மூணு ஊசி போட்டேன். வழுக்கி விழுந்தேன்னு சொன்னது அதுதான். எங்கிட்ட இருந்து உங்களுக்கு, உங்ககிட்ட இருந்து அவங்களுக்கு."

அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை, நிம்மதி. அதை நான் பார்த்தேன். தோள் இறங்கியது, கட்டிலில் உட்கார்ந்தார். "அப்ப அவ இல்லையா?" என்றார்.

"இல்ல. புள்ள உங்களோடதுதான்."

அப்புறம் கோபம் வந்தது. "எல்லாருக்கும் காண்டம் போடச் சொல்றவ, நீ எவன்கூட இல்லாம இருந்த?"

"ஒருத்தர்கூட மட்டும்."

"எவன் அவன்?"

வாளியில் கிடந்த சேலையை எடுத்துப் பிழிந்தேன்.

"எனக்குத் தெரிஞ்சவனா?"

"உங்களுக்கு அவரத் தெரியாதுங்க."

கரண்டிகளைச் சாக்கில் போட்டார். கயிற்றில் காய்ந்த வேட்டியை ஈரத்தோடு உருவினார். வாசல் வரை பின்னால் போனேன். "பஞ்சவர்ணத்து மேல கைய வைக்காதீங்க. ரெண்டு பேரும் மூணு ஊசியும் போடணும். அதுவரைக்கும் தள்ளிப் படுங்க."

"என் பொண்டாட்டியப் பத்தி நீ பேசாத."

பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பி உள்ளே வந்தார். சட்டைப் பையில் கைவிட்டு, இருந்த நோட்டுகளை அப்படியே எடுத்து அரிசி டிரம் மூடிமேல் வைத்தார். பறக்காமல் இருக்க அவர் குடிக்கிற டம்ளரை அதன்மேல் கவிழ்த்தார்.

"எதுக்கு?"

"வச்சுக்க. இத்தன நாளு இருந்ததுக்கு."

மூன்று வருடத்துக்கு முன் நீட்டாமல் விட்டதை இன்றைக்கு நீட்டிவிட்டார். போனார். நான் மிச்சத் துணியை அலசிக் காயப்போட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

ரேஷனில் சர்க்கரை போட்டார்கள். வரிசை பெரிது.

ஆகஸ்ட் 13, புதன்

சோறு வடிக்க மூடியைத் திறக்க வேண்டும். பணத்தோடும் டம்ளரோடும் சேர்த்து மூடியை அப்படியே தூக்கி ஓரமாக வைக்கிறேன். அரிசி எடுத்துக்கொண்டு, அப்படியே தூக்கி மூடிவிடுகிறேன். டம்ளர் ஒரு தடவைகூட விழவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தனபாக்கியம் வீட்டில் கூட்டம். ஆவணி பிறந்து முகூர்த்தம் ஆரம்பித்துவிட்டது. பக்கத்து மண்டபத்திலிருந்து சாம்பார் வாசனை வந்தது. யார் சமையலோ.

மர மாடலை எடுத்தேன், தனபாக்கியம் சிரித்தாள். சங்கரி அதே கேள்வியைத் திரும்பக் கேட்டாள். அவள் கூட இருக்கிற ஆட்டோக்காரர் பையில் பாக்கெட்டைப் பார்த்துவிட்டு, என்னையும் கஸ்டமர் ஆக்கிட்டியா என்று சண்டை போட்டாராம். "வீட்டு ஆளுக்கு வேணாம்ல்லக்கா? நீ போடுறியா?"

தனபாக்கியத்துக்குக் காசிராஜனைத் தெரியும். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் போடல" என்றேன். "எனக்கு சீக்கு வந்துச்சு. வீட்டு ஆளுகிட்ட இருந்து. மூணு ஊசி போட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. தனபாக்கியம் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, அடுத்த கேம்ப் எப்போது என்று கேட்டாள். அவளுக்கும் ஒரு தேதி உண்டு என்பது எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 2, செவ்வாய்

காலையில் போன் அடித்தது. பஞ்சவர்ணம்.

"ஆஸ்பத்திரி அக்காவா? நான்தான்க்கா, நீங்க கூப்பிட்டுப் பேசுனீங்களே. அன்னைக்கு நீங்க சொல்லலைன்னா நான் போயிருக்கவே மாட்டேன்."

"மூணு ஊசியும் போட்டாச்சாம்மா?"

"போட்டாச்சுக்கா."

"அவரு?"

"அவருக்கும் ஆச்சு. கடைசி ஊசிக்கு வரமாட்டேன்னாரு, ஆஸ்பத்திரி நர்ஸம்மா வீட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"புள்ள அசையுதா?"

"ஏழு தாண்டிருச்சுக்கா. ராத்திரியெல்லாம் ஒதைக்குது, தூங்க விடல." சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மொதல்ல அவரு எம்மேல சந்தேகப்பட்டு அடிச்சுட்டாருக்கா. அப்பறம் அவரே சொல்லிட்டாரு. திண்டுக்கல்லுல எவளோ ஒருத்தியாம், அவகிட்ட இருந்து ஒட்டிக்கிச்சாம். இனிமே அந்தப் பக்கமே போகமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டாரு. அவ நாசமாப் போவா, என் மொதப் புள்ளையத் தின்னவ."

வாசலில் தண்ணீர் லாரி வந்து நின்றது. பெண்கள் குடங்களோடு ஓடினார்கள்.

"பொறந்த உடனே புள்ளைக்கும் ரத்தம் பாக்கச் சொல்லுங்கம்மா" என்றேன். "ஆஸ்பத்திரியிலதான் பெத்துக்கணும். வீட்டுல வேணாம்."

"சரிக்கா. நீங்க நல்லா இருக்கணும்க்கா."

தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு உலை வைத்தேன். மூடியைத் தூக்கினால் டிரம் காலி, அடியில் ஒரு கைப்பிடி நொய்தான் கிடந்தது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். பணத்தை எடுத்துக்கொண்டு அரிசிக் கடைக்குப் போனேன்.